யாரை முதலில் தூக்கினீர்கள்?

என் மனைவியின் பெயர் எழுதிய கோப்பு ஒன்று இப்போது டெல்லியில் ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது. தன் உயிரைப் பெரிதாக நினைக்காமல் பிறர் உயிரைக் காப்பாற்றிய சாதாரண மக்களுக்கு நாட்டின் சார்பில் ஒரு பதக்கம் தருகிறார்கள் அல்லவா, அதற்குப் பரிந்துரைத்து அனுப்பியிருக்கிறார்கள். கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பார்க்கிறவர்கள் விடுவதில்லை. டீக்கடையிலும் பஸ்ஸிலும் கல்யாணப் பந்தியிலும் பிடித்துக்கொள்கிறார்கள். "ஏனுங், மெடல் வந்துருச்சுங்களா?" என்பார்கள். "வரும்போது வருமுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்தக் கோப்பு கிளம்புவதற்கு முன் ஒரு காலையில் நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கிணத்துக்கடவில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவதும் பம்பு ரிப்பேரும்தான் தொழில். கோபக்காரன் என்று ஊரில் பெயர். பெயர் சரியானதுதான். என் மனைவி தென்னை மரம் ஏறுகிறவள். வெறும் காலோடு ஏறுவதில்லை. இரண்டு பாதத்துக்கும் மிதி வைத்த இரும்புக் கருவி ஒன்று இருக்கிறது, அதை மரத்தில் மாட்டி ஏறுவாள். இடுப்பில் அகலமான பெல்ட், காலில் நீல நிறக் கான்வாஸ் ஷூ. இந்த வேலைக்கென்று பெண்களுக்குப் பயிற்சி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னிடம் சொல்லாமலே போய்க் கற்றுக்கொண்டு வந்தாள். முதலில் கோபத்தில் குதித்தேன். பிறகு அவள் ஒரு நாளில் ஏறும் மரங்களின் எண்ணிக்கையை நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஊருக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பு. அதன் கிணற்று மோட்டார் எரிந்து என் பட்டறைக்கு வந்திருந்தது. மோட்டாரைத் திரும்ப இறக்குவதற்கு முன் கிணற்றைத் தூர் வாரிவிட வேண்டும் என்றார் தோட்டத்துக்காரர். அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அதை இறைத்துக் கொட்ட என் பெட்ரோல் என்ஜினை ஏற்றிக்கொண்டு போனேன். அன்று அதே தோப்பில்தான் என் மனைவிக்குத் தேங்காய் வெட்டு.

அது பழைய வட்டக் கிணறு. வாய் குறுகல், ஆழம் அதிகம். சுவரில் அறைந்த இரும்புக் கம்பிகள்தான் படி. நாற்பது அடியில் பாறையைக் குடைந்த ஒரு திட்டு, இரண்டு கட்டில் போடலாம், அவ்வளவு அகலம். தண்ணீர் அதற்கும் கீழே. மேலே வைத்த என்ஜினால் அத்தனை ஆழத்திலிருந்து தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே என்ஜினைக் கப்பியில் கயிறு கட்டி அந்தத் திட்டில் இறக்கி ஓட்டினோம். இதைத் தவறு என்று அன்று யாருமே நினைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எத்தனையோ தோட்டத்தில் இப்படித்தான் செய்கிறார்கள். நானே பத்துப் பன்னிரண்டு கிணற்றில் செய்திருக்கிறேன்.

ஒரு மணி நேரம் ஓடிப் பெட்ரோல் தீர்ந்து என்ஜின் நின்றது. புகை கலையட்டும் என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மேலே நின்று முகர்ந்து பார்த்தேன். நாற்றம் இல்லை. பிறகு, கிணற்றில் ஆளை இறக்குவதற்கு முன் எங்கள் ஊரில் எப்போதும் செய்வதைச் செய்தேன். ஒரு தகரடப்பாவில் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி மெதுவாக உள்ளே விட்டேன். கெட்ட காற்று இருந்தால் விளக்கு அணையும், அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. விளக்கு திட்டு வரைக்கும் போய், ஆடாமல் அசையாமல் நின்று எரிந்தது.

"எறங்கலாமுங்க" என்று சொன்னது நான்தான்.

தோட்டத்து வேலைகளெல்லாம் பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தோப்பிலேயே ஒரு வீட்டில் மனைவியோடும் சின்ன மகளோடும் குடியிருந்தார். ஒரு பக்கம் மட்டையை உரித்துக்கொண்டே இன்னொரு பக்கம் ஊர்க்கதை பேசி எல்லோரையும் சிரிக்க வைக்கிற ஆள். என்ஜினில் கயிறு மாட்ட அவர் இறங்கினார். திட்டில் கால் வைத்தவர் என்ஜின் பக்கமாகப் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அலுப்பில் உட்கார்ந்த மாதிரிதான் மேலிருந்து தெரிந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. இரண்டாம் முறை பெயர் சொல்லிக் கத்தினேன். தலை சாய்ந்தது.

யோசிக்கவில்லை. இறங்கிவிட்டேன். இதை வீரம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விளக்கு எரிந்ததே, அப்புறம் எப்படி என்கிற ஆத்திரம்தான் என்னை இறக்கியது. திட்டுக்குப் போனதும் அவருடைய இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துப் படியடி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தேன். அங்கே அவரைக் கிடத்திவிட்டு நிமிர்ந்தபோது முழங்கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. பின்னாலேயே தள்ளாடி என்ஜின் மேல் இடித்து விழுந்தேன். கண் திறந்துதான் இருந்தது, விரலைக்கூட அசைக்க முடியவில்லை. தலைக்குள் சம்மட்டி அடித்தது. செத்துப்போகப் போகிறேன் என்பது எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது, அதை நினைத்துப் பயப்படக்கூடத் தெம்பு இல்லை.

மேலே நடந்ததைப் பிறகு தோட்டத்துக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். அவர் போட்ட கூச்சலில் என் மனைவி மரத்திலிருந்து எப்படி இறங்கினாள் என்றே யாருக்கும் தெரியவில்லையாம். கிணற்றுக்குள் ஒரு பார்வை பார்த்தாள். கப்பிக் கயிற்றின் கொக்கியைத் தன் பெல்ட்டில் மாட்டினாள். தேங்காய் ஏற்ற வந்திருந்த இரண்டு ஆட்களிடம், "நான் கயித்தை ரெண்டு சுண்டு சுண்டுனா உடனே இழுங்க, நிறுத்தாதீங்க" என்றாள். "நீ போகாதே அம்மணி, ஃபயர் சர்வீஸ்காரங்க வரட்டும்" என்று தோட்டத்துக்காரர் கையைப் பிடித்திருக்கிறார். "அவங்க வார வரைக்கும் இவங்க இருக்கோணுமுங்களே" என்று கையை உதறிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

இருந்தது ஒரே ஒரு பெல்ட். ஒரு நேரத்தில் ஒரு ஆளைத்தான் அனுப்ப முடியும்.

நான் பார்த்தது இதுதான். படியில் ஒரு நீல ஷூ இறங்கியது. திட்டில் பட்டது. அதற்கு ஒரு முழம் தள்ளி அவர் கிடந்தார். என்னைவிட முன்னால் இறங்கியவர், என்னைவிட அதிக நேரம் அந்தக் காற்றைக் குடித்தவர், அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தவர். அவள் குனிந்து அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவரைத் தாண்டி என்னிடம் வந்தாள். பெல்ட்டைக் கழற்றி என் இடுப்பில் மாட்டிக் கயிற்றை இரண்டு முறை சுண்டினாள். அதற்கு மேல் எனக்கு நினைவில்லை.

அவள் கயிறு இல்லாமல் கம்பியைப் பிடித்து மேலே ஏறியிருக்கிறாள். ஏறுவதற்கு அவரை இன்னொரு முறை தாண்டியிருக்க வேண்டும். எங்கள் பக்கம் படுத்திருக்கிற ஆளைத் தாண்டக் கூடாது என்பார்கள், தாண்டிவிட்டால் வந்த வழியே திரும்பித் தாண்ட வைப்பார்கள். அவள் இரண்டையும் செய்தாள். மேலே வந்து வாந்தி எடுத்திருக்கிறாள். என் இடுப்பிலிருந்து பெல்ட்டைக் கழற்ற அவள் விரல்கள் ஒத்துழைக்கவில்லையாம், தேங்காய் ஏற்ற வந்த ஆட்களில் ஒருவர்தான் கழற்றிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு இரண்டாவது முறை இறங்கினாள். கீழே கிடந்தவரைக் கட்டி அனுப்பினாள். தானும் ஏறிக்கொண்டு வந்தவள் கிணற்று வாய்க்குப் பக்கத்தில் வந்து கம்பியில் சாய்ந்து நின்றுவிட்டாள். தோட்டத்துக்காரர் நாலு படி இறங்கி, கைக்கு அகப்பட்ட சடையைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். முதல் ஆள் மேலே வந்ததற்கும் இரண்டாவது ஆள் வந்ததற்கும் நடுவே ஏழெட்டு நிமிடம்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். விளக்கு எரிந்ததே என்று நான் டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார். என்ஜின் புகையில் இருக்கும் அந்த விஷவாயுவுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை, அது விளக்கை அணைக்கவும் அணைக்காது. விளக்கு அது பாட்டுக்கு எரியும், ஆள்தான் விழுவான். பாட்டன் காலத்துக் கிணற்றுக்கு ஏற்ற சோதனையை வைத்துக்கொண்டு என்ஜின் புகையை அளந்திருக்கிறேன். காயில் கட்டுகிறவன், நாலு பேருக்குப் புத்தி சொல்கிறவன். வெட்கமாக இருந்தது.

மூன்று பேரும் பிழைத்தோம் என்று ஊரே சந்தோஷப்பட்டது. பத்திரிகையில் என் மனைவியின் படம் வந்தது. மூன்றாவது வாரத்தில்தான் எனக்கு முன் இறங்கியவருக்கு மாற்றம் தெரிய ஆரம்பித்தது. கை நடுங்கியது. நடை சிறு சிறு அடியாகச் சுருங்கியது. தோப்புக்குள்ளேயே வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். இந்த விஷத்தில் சிலருக்கு இப்படித் தாமதமாக வரும், உள்ளே எத்தனை நேரம் இருந்தார் என்பதைப் பொறுத்தது என்றார் டாக்டர். அதைக் கேட்டபோது என் மனைவி என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

அதன் பிறகு என்னை எப்போது பார்த்தாலும் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார். "அண்ணா, மோட்டாரு ரெடியாயிருச்சுங்களா?" மோட்டாரை இறக்கி மாதங்கள் ஆகியிருந்தன. "ஆச்சுங்க" என்பேன். தலையாட்டுவார். பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்பார்.

அந்தச் சமயத்தில்தான் பதக்கப் பேச்சு வந்தது. கிராம நிர்வாக அலுவலர் பட்டறைக்கே வந்து சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எனக்கு வேண்டாமுங்க."

"ஏன் வேண்டாம்?"

"அந்த ஊட்டுக்காரி மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"அவ புருசனைக் காப்பாத்துனவ நீ."

"நான் தாண்டிப் போனது உங்களுக்குத் தெரியுமுங்களா, தெரியாதுங்களா?"

தெரியாது என்று சொன்னேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் அவளிடம் சொன்ன பெரிய பொய் அதுதான். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அரிசிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தத் தோப்புக்கு மட்டும் அவள் மரம் ஏறப் போகவில்லை. சாப்பாடு குறைந்தது. மரத்தின் பாதியில் நின்றுவிடுகிறாள் என்று தோட்டத்துக்காரர்கள் என்னிடம் வந்து சொன்னார்கள்.

எனக்கோ அந்தப் பதக்கம் வேண்டும் என்று வெறியே பிடித்துவிட்டது. அவளுக்கு மரியாதை என்பது பாதிக் காரணம்தான். அரசாங்கமே முத்திரை குத்திவிட்டால் யார் முன்னே யார் பின்னே என்கிற பேச்சு முடிந்துவிடும், அவளும் நிம்மதியாகத் தூங்குவாள் என்று கணக்குப் போட்டேன். ஆகவே கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில், படியடியில் கிடந்தது நான் என்றும் அவர் உள்ளே தள்ளிக் கிடந்தார் என்றும் மாற்றி எழுதிவிட்டேன். மறுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? தோட்டத்துக்காரர் அந்தப் பதற்றத்தில் யார் எங்கே கிடந்தார் என்று கவனித்திருக்கவில்லை. அவருடைய ஆளுக்கோ நினைவு இல்லை. என் மனைவியோ வாயே திறப்பதில்லை.

விசாரணைக்கு வருவாய் ஆய்வாளர் வந்தார். சின்ன வயதுப் பெண், சிரிப்பே இல்லாத முகம். கிணற்றடியில்தான் விசாரணை என்று சொல்லிவிட்டார். காலை பதினோரு மணி. தோட்டத்துக்காரர் நாற்காலிகள் போட்டிருந்தார். கிணற்றில் என்னோடு கிடந்தவரும் அவர் மனைவியும் வந்து எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். என் மனைவி தலை நிமிரவே இல்லை. ஆய்வாளர் கிணற்றை எட்டிப் பார்த்தார், படியை எண்ணினார், காகிதத்தில் திட்டை வரைந்தார். தோட்டத்துக்காரரைக் கேட்டார், எழுதினார். பிறகு என் வாக்குமூலத்தை எடுத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

அதை என் மனைவி அதற்கு முன் படித்ததில்லை. நான் காட்டவில்லை. "படியடியில் நான் கிடந்தேன்" என்ற வரி வந்ததும் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் ஆய்வாளர். "யாரை முதல்ல தூக்கினீங்க?"

"என்ற ஊட்டுக்காரரைங்க."

"படிக்குப் பக்கத்துல இருந்ததாலயா?"

நான் குறுக்கே பாய்ந்தேன். "ஆமாங்க மேடம், அதுலயே எழுதியிருக்குதுங்களே, திரும்பத் திரும்ப எதுக்குங்க—"

"அவங்களைக் கேட்டேன்" என்றார் ஆய்வாளர், என் பக்கம் திரும்பாமலேயே.

தோப்பில் காற்று இல்லை. என் மனைவி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். நான் மனதுக்குள் அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு அம்மணி, எல்லாம் முடிந்துவிடும்.

"இல்லீங்க" என்றாள். "படியடியில கெடந்தது அந்த அண்ணனுங்க. மூச்சு இருந்துச்சு, பாத்தனுங்க. இவரு அக்கட்டால என்ஜின்கிட்ட கெடந்தாரு. அந்த அண்ணனைத் தாண்டித்தானுங்க இவருகிட்டப் போனேன். மொதல்ல அவரைத்தான் கட்டியிருக்கோணும். என்னால முடியலீங்க."

சொல்லி முடித்ததும் அவள் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. எதிரே அவர் ஒரு கையால் இன்னொரு கையின் நடுக்கத்தைப் பிடித்துக்கொண்டு தென்னை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மட்டும் கண்ணை எடுக்காமல் என் மனைவியையே பார்த்தாள்.

ஆய்வாளர் பேனாவை மூடினார். "ரெண்டு பேரும் வேற வேற சொல்றீங்க. எது சரி?" என்று என்னைக் கேட்டார். பொய்யைக் காப்பாற்ற எனக்கு அப்போதும் வாய்ப்பு இருந்தது. மயக்கத்தில் இருந்தேன், சரியாகத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நடுங்குவதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"அவ சொல்றதுதானுங்க நெசம். நான் மாத்தி எழுதிப்போட்டேன்."

ஆய்வாளர் என் வாக்குமூலத்தை என்னிடமே நீட்டி, அந்த வரியை அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். பிறகு எதிரே இருந்த பெண்ணிடம் திரும்பினார். அவர் குரல் முதல் முறையாகக் கொஞ்சம் இறங்கியது.

"காப்பாத்தப்பட்டவர் சார்புல நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடணும்மா. இதையெல்லாம் கேட்டுட்டு உங்களுக்கு இஷ்டம் இல்லேன்னா போட வேண்டாம். கட்டாயம் இல்லை. ஆனா இந்தக் கையெழுத்து இல்லாம ஃபைல் போகாது."

அவள் எழுந்து நின்றாள். மெலிந்த பெண், அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் இருந்தும் என்னிடம் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

"இது எனக்குத் தெரியுமுங்க" என்றாள்.

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இவருக்குப் பெத்த புள்ள பேரே செல நாளைக்கு வர்றதில்லீங்க. சோறு தின்னமா இல்லையாங்கறது மறந்துபோயிருது. ஆனா, கெணத்துக்குள்ள ஒரு காலு என்னைத் தாண்டிப் போச்சுன்னு மட்டும் தெனமும் சொல்லுவாருங்க. தூக்கத்துலயும் சொல்லுவாரு. யாரு காலுன்னு நான் கேட்டதில்லீங்க. கேக்கோணுமா என்ன."

எனக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை, எழவும் முடியவில்லை. என் மனைவிதான் கடைசியில் கேட்டாள்.

"திரும்பி வந்தனே... அதைச் சொல்லுவாருங்களா?"

"இல்லீங்கக்கா. அது அவருக்கு ஞாபகமே இல்ல."

அவள் ஆய்வாளரின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள்.

"அதை எங்காச்சும் எழுதி வெக்கோணுமில்லீங்களா. அதுக்குத்தான் வந்தேன். எங்க போடோணும், சொல்லுங்க."